தலைகீழாகக் கட்டிய கள்ளி

வேங்கிக்கால், திருவண்ணாமலை
10 ஜூலை 2025

அன்புள்ள கீதாஞ்சலிக்கு,

அப்பா நலம். இந்தக் கடிதத்தை பிரிட்ஜ் மேல் பேப்பரை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். நேற்று மாடியில் உன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அப்பாடா என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு முன்பே அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பந்து மாதிரி உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக ஒன்று வைத்திருக்கிறாயே, அவர்தான். நல்ல வெயில் படட்டும் என்று காலையில் நானே தூக்கி வைத்தது.

உன் அம்மா இடுக்கியால் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கிக்கொண்டே, "ஸ்கூல் வேன் ஓட்டற ஆளு, பின்னாடி பாக்காம ரிவர்ஸ் எடுப்பியா? இதுக்கு மட்டும் இன்னா?" என்றாள். நான் குப்புறப் படுத்திருந்தேன்.

சிரித்துவிட்டாய் அல்லவா. இப்போது கெட்ட செய்தி. நீ காவலர் பயிற்சிக்குப் போகும்போது நாற்பத்து மூன்று தொட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். அதில் ஏழெட்டு, தொட்டால் ஊறின பன்னு மாதிரி அமுங்குகிறது. அடித்தண்டு கறுத்துப்போய் நாறுகிறது. நான் காலை ஒரு குடம், சாயந்திரம் ஒரு குடம் தவறாமல் ஊற்றுகிறேன். கீழ்பென்னாத்தூரில் நெல்லுக்குத் தண்ணீர் கட்டிய கை, கம்மியாக ஊற்ற வரவில்லை. ஆசிரமத்துப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ்களுக்குக் கொடுக்க நீ ஒவ்வொன்றாக வளர்த்த செடி. மாடிப்படி ஏறும்போதே இன்றைக்கு எது போயிருக்குமோ என்று எண்ணிக்கொண்டே போகிறேன்.

இன்னொன்று. நீ செலக்ஷன் ஆனதிலிருந்து தெருவில் எல்லார் கண்ணும் நம் வீட்டு மேல்தான். "உங்க பொண்ணுக்கு இன்னாங்க, காக்கி போட்டுடுச்சு" என்று மூன்று பேர் சொன்னார்கள். அந்த வாரமே வேன் இரண்டு தரம் பஞ்சர், செடிகளும் அழுகல். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். சும்மா எழுதினேன்.

என்ன செய்வது என்று உடனே எழுது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷ ஃபோனில் நாலரை நிமிஷம் அம்மா எடுத்துக்கொள்கிறாள்.

அப்பா,
காசி

•

பயிற்சிப் பள்ளி
15 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தினமும் இரண்டு குடமா! அப்பா, அவை நெல் இல்லை. இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிற செடிகள். பட்டினி போட்டால் பிழைக்கும், ஊட்டினால் சாகும். நான் பேப்பரில் எழுதி மாடிக் கதவில் ஒட்டிவிட்டுத்தானே வந்தேன்?

இனி இப்படிச் செய்யுங்கள். ஒரு ஊதுவத்திக் குச்சியைத் தொட்டியின் அடிவரைக்கும் குத்தி எடுங்கள். மண் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். ஒட்டாமல் வந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். மழை வந்தால் ஓடு போட்ட பக்கம் தள்ளி வையுங்கள்.

அழுகினதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அழுகலுக்கு மேலே, பச்சையாக உள்ள இடத்தில் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். வெட்டின துண்டை மண் இல்லாமல் பத்து நாள் நிழலில் காய விடுங்கள். வெட்டுவாய் ஆறி மூடின பிறகு புது மண்ணில் நட்டால் வேர் விட்டுவிடும். மணல் ஜாஸ்தியாகக் கலந்த மண்.

எனக்கு இரண்டு குதிகாலிலும் கொப்புளம். நேற்று ஓட்டத்தில் கடைசிக்கு முந்தின ஆள். மூன்று தடவை எழுதிக் கிடைத்த வேலை, விட மாட்டேன். கண்ணை மூடினால் மாடிதான் தெரிகிறது. செடிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியையும்.

கீதா

•

பயிற்சிப் பள்ளி
20 ஜூலை 2025, ஞாயிறு மதியம்

அப்பா,

இப்போதுதான் ஃபோன் வைத்தேன். வைத்தேன் என்ன, நேரம் முடிந்து அவர்களே கட் பண்ணிவிட்டார்கள். கடைசியாக நீங்கள் சொன்னது காதிலேயே நிற்கிறது. "அந்த குச்சிச் செடியும் அடியில அழுகிடுச்சும்மா, அதையும் வியாழக்கிழம வெட்டிடறேன்."

வெட்டாதீர்கள். அதைத் தொடவே வேண்டாம்.

இலை இல்லாமல், பென்சில் பென்சிலாக, நுனி சிவந்திருக்குமே, வெள்ளைப் பீங்கான் தொட்டியில். அது கள்ளி ஜாதி. வெட்டினால் பால் பீச்சும். கையில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பார்வை போகலாம். நான் அதைத் தொடுவதென்றால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்வேன். அழுகினால் வெட்டு என்று பொதுவாக எழுதிவிட்டு, இதை மட்டும் வேண்டாம் என்று எழுத மறந்துவிட்டேன். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

டூட்டி மேடத்திடம் போய் இன்னொரு ஃபோன் கேட்டேன். "செடி அழுகிடுச்சுன்னு எமர்ஜென்சியா?" என்று சிரித்தார்கள். பின்னால் பதினோரு பேர் வரிசை. இந்தக் கடிதம் நாளைக்குத்தான் தபாலில் போகும். வியாழனுக்குள் வந்துவிட வேண்டும்.

ஒருவேளை பட்டுவிட்டால், கசக்கக் கூடாது. குழாயைத் திறந்து கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள், இருபது நிமிஷம். உடனே கண் ஆஸ்பத்திரி. வேறு எதுவும் ஊற்ற வேண்டாம்.

கீதா

•

வேங்கிக்கால்
26 ஜூலை 2025

அன்புள்ள கீதாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரர் மேல் தப்பில்லை. அம்மா படித்துக் காட்டினாள்.

எல்லாரும் நலம். குச்சிச் செடியை வியாழக்கிழமை காலையிலேயே வெட்டிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கண்ணில் கொஞ்சம் தூசி விழுந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அன்புச்செல்வி பால் கொடுத்தாள். சரியாகிவிடும்.

கடிதம் சின்னதாக இருக்கிறதே என்று நினைக்காதே. பேனா சரியில்லை. மற்ற செடிகள் காய்கின்றன. ஊதுவத்திக் குச்சி வைத்துத்தான் பார்க்கிறேன். வீடே கோயில் மாதிரி மணக்கிறது.

நாளைக்கு ஃபோனில் அம்மா பேசுவாள். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

அப்பா

•

பயிற்சிப் பள்ளி
30 ஜூலை 2025

அப்பா,

உங்கள் கடிதத்தை எட்டுத் தடவை படித்துவிட்டேன்.

நீங்கள் கோடு போடாத பேப்பரிலும் நூல் பிடித்த மாதிரி எழுதுகிறவர். இதில் வரி எல்லாம் கீழே சரிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறது. "பேனா" என்கிற வார்த்தை பேப்பரில் பாதி, வெளியே பாதி. அம்மா எதற்கு என் கடிதத்தைப் படித்துக் காட்ட வேண்டும்? அன்புச்செல்வி அக்காவுக்குக் கைக்குழந்தை. தூசி விழுந்ததற்கு அவர்களிடம் எந்தப் பால் வாங்கினீர்கள்?

ஞாயிறு ஃபோனில் "அப்பா எங்கே"ன்னு கேட்டதும் அம்மா, "தூங்கறாருடி" என்றார்கள். பகல் பதினோரு மணிக்கு. அப்புறம் மூக்கை உறிஞ்சினார்கள். சளியா என்றேன். ஆமாம் என்றார்கள். வீட்டில் ஒருத்தருக்குத் தொண்டை, ஒருத்தருக்குச் சளி. என்னை என்ன நினைத்தீர்கள்?

அப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது. பரேடில் "இடது பார்"னு சொன்னால் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறேன், உலகம் எவ்வளவு குறைகிறது என்று. அந்தச் செடியை ஆசிரமத்துப் பக்கம் கஃபே வைத்திருக்கும் அம்மா கொடுக்கும்போதே, "பால் விஷயத்துல ஜாக்கிரதை"ன்னு சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டில் யாருக்கும் நான் சொல்லவில்லை. சொன்னால் அம்மா தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று. அழகாக இருந்தது, அதனால் சொல்லவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது.

என்ன நடந்தது என்று முழுதாக எழுதுங்கள். எழுதாவிட்டால் ராஜினாமா கொடுத்துவிட்டு நானே வந்து பார்ப்பேன். சும்மா சொல்லவில்லை.

கீதா

•

வேங்கிக்கால்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கீதா,

காலையில் ஃபோனில் சொல்லியிருக்கலாம். உன் பின்னால் பெண்கள் வரிசையில் பேசுகிற சத்தம் கேட்டது. அத்தனை பேருக்கு நடுவில் நீ அழுதுவிட்டால் என்ன செய்வது என்று, "எழுதறேம்மா" என்று மட்டும் சொன்னேன். இப்போது எழுதுகிறேன். வலது கண்ணை நம்பி எழுதுவதால் வரி கொஞ்சம் ஆடும்.

வியாழக்கிழமை ஆடி அமாவாசை. நீ எழுதினபடியே குச்சிச் செடியை வெட்டினேன். வெள்ளையாக வடிந்தது, துணியால் துடைத்தேன். பத்து நாள் நிழலில் காய வேண்டும் என்றாயே, அங்கேதான் என் மூளை வேலை செய்தது. அமாவாசைக்குத் திருஷ்டிக்காக வாசலில் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டுவோமே. இதுவும் மண் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், நிழலில்தானே காயப்போகிறது? வாசலிலேயே கட்டிவிட்டால் காய்ந்த மாதிரியும் ஆச்சு, உன் மேல் விழுந்த கண்ணும் கழிந்த மாதிரி ஆச்சு. நம்பிக்கை இல்லாதவன் செய்கிற வேலையைப் பார். நீ அங்கே ஓட்டத்தில் விழுந்துவிடக் கூடாது, துப்பாக்கி தூக்கும்போது ஒன்றும் ஆகக் கூடாது என்று தினமும் பயம். யாரிடம் சொல்ல?

ஸ்டூல் மேல் ஏறி ஆணியில் கயிற்றைக் கட்டினேன். அண்ணாந்து முடிச்சைப் பார்த்தேன். ஒரு கிளை ஒடிந்தது. சொட்டு நேராக இடது கண்ணில்.

கீழ்பென்னாத்தூர் வேலியில் கள்ளியைப் பார்த்து வளர்ந்தவன் நான். "கண்ணாண்ட கொண்டு போவாத" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறவன். வேலியில் நின்றால் தெரிந்திருக்கும். பீங்கான் தொட்டியில், நுனியில் லிப்ஸ்டிக் போட்ட மாதிரி நின்றதும் ஏதோ வெளியூர்ச் செடி என்று மரியாதை கொடுத்துவிட்டேன்.

மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது. நன்றாகக் கசக்கினேன். ஒரு சொம்புத் தண்ணீர் விட்டேன். தெருவே கூடி, தாய்ப்பால் விட்டால் குளிர்ந்துவிடும் என்றது. அன்புச்செல்வி பாவம், குழந்தையை இறக்கிவிட்டு உள்ளே ஓடி ஒரு சங்கில் கொண்டு வந்தாள். குளிர்ந்தது, ஒரு அரை மணி. மறுநாள் கண் ஆலங்காய் மாதிரி வீங்கி மூடிக்கொண்டது. அப்போதுதான் உன் கடிதம் வந்தது. "வேறு எதுவும் ஊற்ற வேண்டாம்" என்ற இடத்தில் அம்மா படிப்பதை நிறுத்திவிட்டாள்.

அப்போதாவது போயிருக்க வேண்டும். போகவில்லை. டாக்டர் வாயால் கேட்கப் பயம்.

திங்கட்கிழமை வீக்கம் வடிந்தது. வேனை எடுத்தேன். இதைத்தான் எழுத வராமல் மூன்று பேப்பர் கிழித்தேன். பதினெட்டுப் பிள்ளைகள். இடது பக்கம் எல்லாம் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. மெதுவாகத்தான் போனேன். அவலூர்பேட்டை ரோடு திரும்பும் இடத்தில், "அண்ணா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பிரேக் போட்டேன். இடது பக்கம் சைக்கிளில் பால் கேனோடு ஒரு ஆள், பம்பருக்கும் அவர் காலுக்கும் ஒரு சாண். "இன்னாய்யா, கண்ணு தெரியலயா?" என்று திட்டினார். எல்லாரும் டிரைவரைத் திட்டுகிற வார்த்தைதான். எனக்கு மட்டும் அன்றைக்கு அது நிஜம்.

வண்டியை ஓரம் கட்டினேன். சாவியைத் திருப்பக் கை வரவில்லை. மாற்று டிரைவர் மணிவேலுக்கு ஃபோன் போட்டேன். அவன் வந்து பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டான். சாவி அவனிடம்தான் இருக்கிறது.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. டாக்டர் அம்மா, "மொதல்லயே கொழாய்த் தண்ணிய இருவது நிமிசம் விட்டுட்டு, அன்னிக்கே வந்திருந்தா ஒரு வாரத்துல சரி பண்ணிருப்பேங்க" என்றார்கள். கருவிழியில் புண். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. ஆறினால் தெரியும், தழும்பு விழுந்தால் சொல்ல முடியாதாம்.

இரண்டாவது கண்ணையும் மூடிக்கொண்டு வீட்டில் நடந்து பார்த்தேன். கட்டில், டிவி, கதவு. கதவு வரவே இல்லை. கையை நீட்டிக்கொண்டு நடுவீட்டில் நின்றேன். உன் அம்மா பார்த்துவிட்டாள். அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

ராஜினாமா என்று மட்டும் எழுதாதே கீதா. நீ செடியைப் பற்றி மறைத்தாய், நான் கண்ணைப் பற்றி மறைத்தேன். சரிக்குச் சரி. வேலையை விட்டுவிட்டு நீ வந்து நின்றால், மிச்சம் இருக்கிற கண்ணால் அதைத்தான் நான் தினமும் பார்க்க வேண்டும்.

அப்பா

•

பயிற்சிப் பள்ளி
9 ஆகஸ்ட் 2025

அப்பா,

ஒரு நாள் லீவு கிடைத்திருக்கிறது. 18ஆம் தேதி திங்கட்கிழமை. அன்று உங்களுக்குச் செக்கப் என்று அம்மா சொன்னார்கள். விடிகாலை பஸ்ஸில் வந்து, நாலு மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும்.

அந்தக் கள்ளியை அம்மா எரிக்கப்போவதாகச் சொன்னார்கள். எரிக்கக் கூடாது, புகையும் கண்ணுக்கு ஆகாது. மணிவேல் அண்ணனைக் கையுறையும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு அவிழ்க்கச் சொல்லுங்கள். கோணியில் கட்டி, குழந்தைகள், நாய் போகாத இடத்தில் ஆழமாகப் புதைக்கட்டும். வெட்டின கத்தியையும் துடைத்த துணியையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்தத் துணியில் யாரும் முகம் துடைத்துவிடாதீர்கள்.

ராஜினாமாவைப் பற்றி ஒன்றும் முடிவு செய்யவில்லை. எழுதி டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். டாக்டர் என்ன சொல்கிறார்கள் என்று என் காதால் கேட்ட பிறகு கொடுப்பதா கிழிப்பதா என்று பார்ப்பேன். நீங்கள் எனக்காக எதையும் நடிக்க வேண்டாம்.

கீதா

•

வேங்கிக்கால்
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கீதா,

ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன் என்று காலையில் ஃபோனில் நீ சொன்னதும் அம்மா சர்க்கரை வாயில் போட்டாள். எனக்கும் போட்டாள். நான் முழுங்கிவிட்டேன். ஆனால் இனிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் செடி. முப்பத்தைந்து தொட்டி உயிரோடு இருக்கிறது. வெட்டிக் காய வைத்ததில் நாலு வேர் விட்டிருக்கிறது. தண்ணீர் ஊற்ற ஆசை வரும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். மாடிக்குப் போனால் வெல்டிங் கண்ணாடி. தெருவில் என்னை விஞ்ஞானி என்கிறார்கள்.

ஸ்கூல் ஓனர் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க பொண்ணு அன்னிக்கு பஸ்ஸுக்குப் போற வழியில வந்து, அப்பாவுக்கு நல்லா தெரியுதுன்னு டாக்டரே பாத்துட்டாங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. நாளையிலேர்ந்து வண்டி எடுங்க காசி" என்று சாவியை மேஜையில் வைத்தார். நான் வாங்கவில்லை. "மணிவேலே ஓட்டட்டும்ங்க, நான் பின்னாடி ஒக்காந்துக்கறேன்" என்றேன். இப்போது பிள்ளைகளைக் கைப்பிடித்து ஏற்றி இறக்குகிற ஆயா வேலை. யூகேஜி பையன் ஒருத்தன், "ஆயான்னா பொடவ கட்டணும்" என்கிறான். அம்மா ஒன்று எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

18ஆம் தேதி நீ நாலு மணி பஸ் பிடிக்க ஓடின பிறகுதான் எழுத்துப் பலகை முன்னால் உட்கார வைத்தார்கள். நல்ல கண்ணை மூடினால், மேலே பெரிதாக ஒரு எழுத்து இருக்குமே, அதுவே எனக்குப் பல்லி மாதிரிதான் தெரிந்தது. தழும்பு விழுந்திருக்கிறது. ஆறு மாதத்தில் கொஞ்சம் தெளியலாம், தெளியாவிட்டால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்றார்கள். அதுவரைக்கும் வண்டி கூடாது. அம்மாவுக்குத் தெரியும். உனக்குச் சொல்லக் கூடாது என்று நான்தான் அவளிடம் சத்தியம் வாங்கினேன். அந்தச் சத்தியத்தை இப்போது நானே உடைக்கிறேன். கிழித்ததை ஒட்டாதே. மூன்று தரம் எழுதி வாங்கின வேலை. எனக்கு ஒரு கண் நன்றாகத் தெரிகிறது, சோறும் இறங்குகிறது.

நீ கேட்பாய். அன்றைக்குப் பலகைக்குப் போவதற்கு முன்பே, நீ இருந்தபோது, டாக்டர் அம்மா என் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, "கதவாண்ட நிக்கறது யாருங்க?" என்று கேட்டார்களே. யோசிக்காமல், "எம் பொண்ணு கீதாஞ்சலி" என்றேனே. நீ ஓடி வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாயே, அது எப்படி என்று.

கதவு இருந்த பக்கம் வெறும் வெளிச்சம்தான் இருந்தது. அதில் நிழல் மாதிரி இரண்டோ மூன்றோ. அம்மாவா, நர்ஸா, நீயா, எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது விரல் சொடக்குகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு விரலாக, சுண்டு விரலிலிருந்து. பயம் வந்தால் நீ சின்ன வயசிலிருந்து அப்படித்தான் சொடக்குவாய், உனக்கே தெரியாது. உன்னை நான் பார்க்கவில்லை கீதா. நீ பயந்தது கேட்டது.